நடுக்குவாதமும் மருந்து மாற்றமும்

கை நடுக்கம், உடல் இறுக்கம், நடைத் தளர்ச்சி ஆகியவற்றைத் தரும் பார்க்கின்சன் நோயை நடுக்குவாதம் என்பர். மூளையில் டோபமின் எனும் பொருள் குறைவதால் வருவது இது. அக்குறையை ஈடுசெய்யவே லெவோடோபா மாத்திரை தரப்படுகிறது.

மாத்திரையின் அளவைக் கூட்டினால் நடை சீராகலாம். ஆனால் சில முதியோருக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். "வாசலில் ஒரு குழந்தை நிற்கிறது" என்று தாயார் சொன்னால், காற்று கருப்பு என்று அஞ்சிக் கயிறு கட்ட ஓடுமுன், அண்மையில் எந்த மருந்து மாறியது என்று பாருங்கள். (கயிறு கட்டுவதைக் குறை கூறவில்லை, மருத்துவரிடமும் சொல்லுங்கள் என்கிறோம்.) எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுவதும் மருந்தினால் இருக்கலாம்.

அதற்காக நாமே மருந்தை நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே விரத நாளானாலும், தைப்பூசக் கூட்டமானாலும் வேளை தவறாமல் கொடுக்கவேண்டும். பாலும் பருப்பும் மிகுந்த உணவோடு கொடுத்தால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. உணவுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வாந்திக்கென்று வேறு கிளினிக்குக்கு அழைத்துச் சென்றால் இந்நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். வாந்தியை நிறுத்தத் தரும் மெட்டோக்ளோபிரமைடு இந்நோயை மோசமாக்கும்.