இளமை தரும் ஊசி என்று ஒரு குப்பி



நமது ஆஸ்பத்திரியைப் பல ஆண்டுகளாகத் தாங்கிவரும் பெரியவர் ஒருவர், சென்ற மாதம் ஆராதனை முடிந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினார். அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியதாம்; முதுமையைத் தள்ளிப்போடுமாம். "போதகர் ஐயா, இதை எப்படிக் கலக்கி எவ்வளவு போடுவது என்று நம் டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். குப்பியின்மேல் 'எபிடலோன் 10 மில்லிகிராம், ஆராய்ச்சிக்கு மட்டும்' என்றிருந்தது.

டாக்டரம்மாவோடும் மருந்தாளுநரோடும் உட்கார்ந்து விசாரித்தோம். எபிடலோன் ஒரு பெப்டைடு, அதாவது புரதத்தின் சிறு துண்டு. நான்கே அமினோ அமிலங்கள் கோத்தது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாதிமிர் கவின்சன் என்பவருடைய குழுவினர், மாட்டின் பீனியல் சுரப்பிச் சாற்றை ஆராய்ந்த வழியில் இதை உருவாக்கினார்கள். செல்களிலும் எலிகளிலும் பலன் கண்டதாக எழுதினார்கள். ஆனால் மற்றவர்கள் பெரிய அளவில் மனிதரிடம் சோதித்து அதை உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இதை அங்கீகரிக்கவில்லை. ஆகவே சரியான அளவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

கலக்கும் கணக்கைக் கேட்டபோதுதான் எங்களுக்குப் பயம் வந்தது. 10 மில்லிகிராம் தூளில் 2 மில்லி கிருமியற்ற நீர் விட்டால், ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும். 100 யூனிட் சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் அது 0.1 மில்லி, அரை மில்லிகிராம். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதோ 40 யூனிட் சிரிஞ்சு. அதில் அதே 10 கோடு 0.25 மில்லி, இரண்டரை மடங்கு மருந்து! அனுப்பிய பிள்ளை ஒரு சிரிஞ்சை மனதில் வைத்து எழுதியிருப்பான். அப்பா வேறொன்றை வாங்கியிருப்பார்.

தூளின் சுத்தமும் சாதாரண விஷயமல்ல. இன்சுலினும் ஒரு பெப்டைடுதான். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முறையாக அது போடப்பட்டபோது, சாறு சுத்தமாயில்லாததால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. ஜேம்ஸ் காலிப் இரவுபகலாக அதைச் சுத்திகரித்தபின், 23 அன்று மறுபடி போட்டார்கள், பையன் தேறினான். மருந்து அதேதான். பெரியவரின் குப்பியைச் சுத்திகரித்தது யார், சோதித்தது யார் என்று அதன்மேல் ஒரு எழுத்துகூட இல்லை.

இதையெல்லாம் சொன்னபோது அவர் சற்று வருத்தப்பட்டார். பிறகு சிரித்துக்கொண்டே குப்பியை மருந்தகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். மகனுக்கு அவரே கடிதம் எழுதுவாராம்.

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. குப்பியில் 40 என்றிருந்தால் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. இன்றைக்கே இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எண் பொருந்தாவிட்டால் ஊசி போடுமுன் நமது மருந்தகத்துக்கு எடுத்து வாருங்கள்.