கல்கிக்குப் பின் யாரைப் படிப்பது?

வாசிக்கும் பழக்கமுள்ள நம் இல்லங்களிலும் அதே நான்கைந்து பெயர்களே வலம் வருகின்றன. கல்கியும் சாண்டில்யனும் படித்தாயிற்று, இனி யாரை எடுப்பது என்று கேட்போருக்கு நாம் தயங்காமல் சொல்லும் பெயர் ப. சிங்காரம்.

சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். இளமையில் சுமத்ராவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்றார். போர் முடிந்து திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் பணியாற்றினார். 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தன. ஜப்பானியர் ஆட்சியில் மேடானும் பினாங்கும் பட்ட பாட்டையும், வட்டிக்கடைகளில் வேலை பார்த்த தமிழ் இளைஞர் நேதாஜியின் படையில் சேர்ந்ததையும் அவை சொல்லுகின்றன. அரண்மனையும் இளவரசியும் இல்லாத சரித்திரக் கதை!

1997இல் அவர் மறைந்தார். மூன்றாவது நாவல் வரவேயில்லை. வாசகர் உலகின் அசட்டையே அதற்குக் காரணம் என்பது நம் எண்ணம்.

'புயலிலே ஒரு தோணி'யில் மேடான் தெருக்களின் குடியும் கூத்தும் மறைவின்றி வருகின்றன. ஆகவே அது பெரியோர்க்கு உரியது. வளர்ந்த பிள்ளைகள் 'கடலுக்கு அப்பால்' நூலில் தொடங்கலாம். செல்லையாவுக்கும் மரகதத்துக்கும் நேர்ந்ததை வாசித்து முடித்த வீட்டில் அன்றிரவு பேச்சுக்குக் குறைவிராது.