கேமராவுக்குப் பின்னே நிற்கும் பொறுப்பு

போர்க்கள ஆவணப்பட இயக்குநர் என்றால் குண்டு விழும் இடத்தில் கேமராவோடு நிற்பவர் என்றே எண்ணுகிறோம். சாட்சியங்களைச் சரிபார்ப்பதே அவருடைய பெரும்பணி என்பதை, கேலம் மெக்ரே இயக்கிய ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படம் காட்டுகிறது. ஈழப்போரின் இறுதி மாதங்களில் சுதந்திரமான செய்தியாளர்களுக்கு இலங்கையின் வன்னிப் பகுதியில் இடமில்லை. ஆகவே, சிக்கித் தவித்த மக்களும் இராணுவத்தினரும் எடுத்த காட்சிகளை அவர் குழு திரட்டியது. நேரில் இல்லாதவரை எப்படி நம்புவது? நியாயமான கேள்விதான். ஆனால், கைதிகள் சுட்டுக்கொல்லப்படும் காட்சியை ஐ.நா. நாடிய தடயவியல் வல்லுநர்கள் ஆராய்ந்து, அது உண்மையானது என்றனர். ஒருதலைப்பட்சம் என்பாரும் உண்டு. ஆனால், தப்பியோடிய மக்களை விடுதலைப் புலிகள் சுட்டதையும் படம் மறைக்கவில்லை.

2013 ஜூலை 3 அன்று அந்தப் படத்தைக் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக, மலேசியத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் மனித உரிமை ஆர்வலர் லீனா ஹென்றி மீது வழக்குப் பாய்ந்தது. 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம். தணிக்கை விதி எல்லாருக்கும் பொதுவானதுதானே என்று கேட்கலாம். கொலைக்குச் சாட்சியாகும் படத்தைக் காட்டியவரைக் குற்றவாளியாக்கும் விதி, மாற்றப்பட வேண்டிய விதி. பதிவில்லாத துயரம் என்னவாகும் என்பது தோட்டத்துத் தமிழருக்குத் தெரியும். ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுபோன பல்லாயிரம் தமிழரில், திரும்பாதவர் பலருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் நேயர்களே, அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டறிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பேச்சைக் கைப்பேசியில் இன்றே பதிவுசெய்யுங்கள். ஊர், பெயர், தேதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.