மகன் ரோபோ செய்யக் காசு கேட்டால்



போன மாதம் ஒரு நாள் அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம், ஒரு தகப்பன் என் ஆபீசுக்கு வந்தார். "ஐயா, மகன் வீட்டிலேயே ரோபோ செஞ்சு போட்டிக்குப் போகணும்னு காசு கேக்குறான். இது விளையாட்டுச் சாமானா, படிப்பா? எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு லயங்களிலும் இருக்கும்.

ரோபோ என்றதும் படத்தில் வரும் இரும்பு மனிதனை நினைக்க வேண்டாம். சொன்ன வேலையைச் செய்கிற ஒரு யந்திரம், அவ்வளவுதான். அசைவதற்கு மோட்டார், மோட்டாருக்குப் பற்றரி, பார்ப்பதற்குக் கமராவோ வேறு ஏதாவதோ, இவற்றை ஆட்டி வைக்க ஒரு சின்ன சர்க்கியூட். போட்டி நடத்துகிறவர்கள் என்ன வேலை செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அந்த வேலைக்கு ஏற்றபடி யந்திரத்தைச் செய்துகொண்டு போக வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்று ஒரு நகரம். சுற்றிலும் பாலைவனம். அங்கே கார்ல் ஹேடன் என்ற அரசாங்கப் பாடசாலையில் படித்த நாலு பையன்கள்: ஓஸ்கார் வாஸ்கெஸ், கிறிஸ்டியன் ஆர்செகா, லொரென்சோ சந்தில்லான், லூயிஸ் அராண்டா. நாலு பேரும் மெக்சிக்கோவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அந்த நாட்டில் தங்குவதற்குரிய பத்திரம்கூட அவர்களிடம் இல்லை. பத்திரம் இல்லாத வாழ்க்கை எப்படி என்று நம்ம பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

பிரெடி லஜ்வர்தி, அலன் கமரூன் என்ற இரண்டு ஆசிரியர்கள் இவர்களைச் சேர்த்து, 2004ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த நீர்மூழ்கி ரோபோப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். அதில் பாடசாலைகளுக்கு ஒரு பிரிவு, பெரிய கல்லூரிகளுக்கு ஒரு பிரிவு. இவர்கள் வேண்டுமென்றே கல்லூரிப் பிரிவில் நின்றார்கள். எப்படியும் தோற்கத்தானே போகிறோம், பெரிய ஆட்களிடம் தோற்றால் வெட்கமில்லை என்ற எண்ணம். எதிரே நின்றது எம்.ஐ.டி. என்ற உலகப் பிரசித்தி பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிலையம்!

வேலை இதுதான். நீச்சல் தடாகத்தின் அடியில் மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி ஒன்றை வைத்திருப்பார்கள். ரோபோவை இறக்கி அதன் நீளத்தை அளக்க வேண்டும், ஆழம் பார்க்க வேண்டும், அடியில் உள்ள ஒரு பீப்பாயிலிருந்து 500 மில்லிலீட்டர் திரவத்தை உறிஞ்சி வர வேண்டும். ஓட்டுகிறவர்கள் தண்ணீரைப் பார்க்க முடியாது. கமராப் படத்தை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும்.

பையன்களின் ரோபோவுக்கு உடம்பு என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாய் போடுகிற பி.வி.சி. பைப். பைப் ஒட்டும் பசை நாறியதால் அதற்கு 'ஸ்டிங்கி', அதாவது நாத்தம் பிடிச்சது, என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 800 டொலர்தான். எம்.ஐ.டி.யின் யந்திரத்துக்கு அதைவிடப் பல மடங்கு செலவு. திரவம் உறிஞ்ச வளைத்த செப்புக் குழாய், சின்னப் பம்ப், ஒரு பலூன். இந்த மாதிரி யோசனைகளில் லொரென்சோ கெட்டிக்காரன். வீட்டு வாசலில் கார் திருத்துவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை.

பற்றரியை எங்கே வைப்பது என்பதில்தான் அவர்கள் மூளை தெரிகிறது. மற்றவர்களில் பெரும்பாலானோர் பற்றரியைக் கரையில் வைத்துத் தடித்த வயர் மூலம் மின்சாரம் அனுப்பினார்கள். வயர் நீண்டால் பாரமாகும், வழியிலேயே சக்தியும் குறையும். இவர்கள் பற்றரியை ரோபோவிலேயே வைத்தார்கள். வயர் மெலிந்தது. ஆனால் உள்ளே தண்ணீர் போனால் எல்லாம் நாசம்.

அதேதான் நடந்தது. போட்டிக்கு முதல் நாள் ஒத்திகையில் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. வயர் இணைப்புகளிலும் பிழை. நடுநிசி தாண்டியும் விழித்திருந்து ஒவ்வொரு வயராக மறுபடி ஈயம் பற்ற வைத்தார்கள். கசிவுக்கு என்ன செய்வது? பெண்கள் மாதவிலக்கு நேரம் உள்ளே வைத்துப் பாவிக்கும் பஞ்சு மருந்துக் கடையில் விற்கும். லொரென்சோ வெட்கத்தோடு போய், அதிகம் உறிஞ்சுவது எது என்று கேட்டு வாங்கி வந்து பெட்டிக்குள் அடைத்தான். வேலை செய்தது! (நம்ம ஆம்பிளைகள் சிலர் இதைப் படித்துச் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை.)

இனித்தான் முக்கியமான விஷயம். தண்ணீருக்குள் நடந்த பகுதியில் இந்தப் பையன்களுக்கு மூன்றாவது இடம்தான். ஆனால் முழுப் போட்டியில் முதலாமிடம். எம்.ஐ.டி. இரண்டாமிடம். எப்படி என்றால், புள்ளி யந்திரத்துக்கு மட்டும் இல்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று நிபுணர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். செய்த விதத்தை எழுதியும் கொடுக்க வேண்டும். நாலு பேரும் தாங்களே செய்தவர்கள், அதனால் தடுமாறாமல் பதில் சொன்னார்கள். காசு கொடுத்து வேறொருவரைக் கொண்டு செய்வித்த ரோபோ இந்த இடத்தில் பல்லிளித்துவிடும்.

பின்னால் எல்லாம் சுகமாக முடிந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பத்திரம் இல்லாததால் மேல்படிப்புக்கு வழி கிடைப்பது கஷ்டமாயிற்று. ஓஸ்கார் 2009இல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றும் மெக்சிக்கோவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 2010இல்தான் விசா கிடைத்துத் திரும்பி வந்தார்.

ஆகவே அந்தத் தகப்பனுக்கு நான் சொன்னது: "அண்ணே, காசு கொடுக்கிறதுக்கு முன்னே மூன்று கேள்வி கேளுங்க. போட்டியில என்ன வேலை கொடுத்திருக்காங்க? எந்தச் சாமானை எதுக்கு வாங்குற? தோட்டத்துல கழிச்சுப் போட்ட சாமானில எது உதவும்? கொப்பியில எழுதியிருக்கானான்னும் பாருங்க. உங்களுக்கு வெளங்காட்டியும் பரவாயில்ல, அவன் சொல்லச் சொல்லக் கேளுங்க."

ரெண்டு நாள் கழித்துப் பெரட்டு முடிந்து வந்தார். பையன் ராத்திரி பத்து மணி வரைக்கும் சொன்னானாம். மோட்டார் ரெண்டையும் பழுதான பழைய டேப் ரெக்கோடரிலிருந்து கழற்றி வைத்திருக்கிறானாம். பற்றரிக்கும் பஸ்ஸுக்கும் மட்டும்தான் இப்போது காசு தேவையாம்.