போதையற்ற விடுதி: அந்தக் கட்டத்தில் யார் அடையாளமிடுவது?



அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் இடம் கிடைத்த பிள்ளைக்கு, கட்டணம், வீசா என்ற கவலைகளுக்கு நடுவே இன்னொரு படிவமும் வந்து சேரும். அது விடுதிப் படிவம். எத்தனை மணிக்கு உறங்குவீர்கள், அறையைத் துப்புரவாக வைத்திருப்பீர்களா, அமைதியில் படிப்பீர்களா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, பல பல்கலைக்கழகங்கள் மேலும் ஒரு கேள்வி கேட்கும். ‘சப்ஸ்டன்ஸ் ப்ரீ ஹவுசிங்’ வேண்டுமா? அதாவது, மது, புகை, போதைப்பொருள் எதற்கும் இடமில்லாத விடுதியில் தங்க விருப்பமா?

இக்கேள்வியைக் கண்டதும் நம் தாய்மார் சொல்லும் பதில் எதுவென்று எல்லோருக்கும் தெரியும். “இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆம் என்று போடு.” ஆனால் பிள்ளை தயங்கும். “அங்கே போனால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களோ? சிநேகிதர் கிடைக்காமல் போவார்களோ?” தாயின் அவசரத்திலும் நியாயம் உண்டு, பிள்ளையின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. இரண்டையும் நிதானமாக எடுத்துப் பார்ப்போம்.

சட்டம் இருக்கத் தனி விடுதி எதற்கு?

அமெரிக்காவில் மது வாங்குவதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 1984 இல் அந்நாட்டு மத்திய அரசு இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. வயதெல்லையை உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியைக் குறைப்போம் என்று அது அறிவித்தது. 1988 ஆகும்போது எல்லா மாநிலங்களும் இணங்கிவிட்டன. புகையிலைக்கும் 2019 டிசம்பர் முதல் அதே 21 வயதுதான். முதலாம் வருட மாணவருக்கோ பெரும்பாலும் 18 வயது. அப்படியானால் அவர்கள் தங்கும் எல்லா விடுதிகளும் போதையற்ற விடுதிகளாகத்தானே இருக்க வேண்டும்?

சட்டப்படி அது சரி. நடைமுறை வேறு. ஒரு நடைக்கூடத்தில் உள்ள பல அறைகளுக்கும் பொறுப்பாக இருப்பவர் பெரும்பாலும் ஒரு மூத்த மாணவர் மட்டுமே. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதையெல்லாம் அவர் அறிய மாட்டார். சில கட்டடங்களில் 21 வயது நிறைந்த மாணவரும் தங்குவர். அவர்கள் தம் அறையில் மது வைத்திருப்பதற்குச் சட்டம் தடையில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவு 1993 இல் 140 கல்லூரிகளில், 17,000 க்கும் மேற்பட்ட மாணவரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரே அமர்வில் ஆண்களாயின் ஐந்து கோப்பை, பெண்களாயின் நான்கு கோப்பை என்ற அளவை அது எல்லையாக வைத்தது. அதற்கு முந்திய இரு வாரங்களுக்குள் அந்த எல்லையைத் தொட்டவர்கள் 100 க்கு 44 பேர். குடிக்காத மாணவர் படும் பாட்டையும் அவ்வாய்வு கேட்டறிந்தது. உறக்கம் கெடுவது, படிப்புத் தடைப்படுவது, குடித்தவரைத் தாங்கிப் பிடித்துப் பராமரிக்க நேர்வது, அவமதிப்புக்கு ஆளாவது என்று அந்தப் பட்டியல் நீண்டது. இன்னொருவர் விடும் புகையை நாம் சுவாசிப்பது போல, இன்னொருவரின் குடிக்கு நாம் விலை கொடுப்பது இது.

இந்த நிலையில்தான் தனி விடுதிகள் தோன்றின. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1989 இல் இதனை ஆரம்பித்த முன்னோடிகளில் ஒன்று. மத்திய அரசின் நிதியுதவி பெறும் பல்கலைக்கழகங்கள் மது, போதைத் தடுப்புத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்ற சட்டமும் அதே 1989 இல் வந்தது. இன்று பல பல்கலைக்கழகங்களில் இந்த வசதி உண்டு. சில இடங்களில் ஒரு முழுக் கட்டடம். சில இடங்களில் ஒரு மாடி மட்டும். சில இடங்களில் ‘சுகவாழ்வு விடுதி’ என்று வேறொரு பெயர்.

அங்கே தங்குபவர் யார்?

முஸ்லிம் மாணவரும், மதுவை விலக்கும் வேறு சமயத்தாரும் மட்டும்தான் அங்கே இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். அதிகாலையில் பயிற்சிக்கு ஓடும் விளையாட்டு வீரர் இருப்பார். புகைபட்டால் மூச்சு முட்டும் ஆஸ்துமா நோயாளி இருப்பார். குடிகாரத் தந்தையின் வீட்டில் வளர்ந்து, அந்த வாடையே வேண்டாம் என்று வந்தவர் இருப்பார். இரவில் உறங்கினால் போதும் என்பவரும் இருப்பார். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருவோருக்கென ‘மீட்சி விடுதி’ என்று வேறொன்று உண்டு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988 இல் அத்தகைய விடுதியைத் திறந்தது. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

“நான் தனித்துப் போவேனோ?” என்று அஞ்சும் பிள்ளைக்கு ஒரு செய்தி. அதே ஹார்வர்ட் ஆய்வு 1999 இல் மீண்டும் நடந்தபோது, ஏறக்குறைய ஐந்து மாணவரில் ஒருவர் மதுவைத் தொடாதவராக இருந்தார். கெலப் நிறுவனத்தின் கணிப்பின்படி, தாம் மது அருந்துவதுண்டு என்று சொன்ன 35 வயதுக்குட்பட்ட அமெரிக்கர், 2001 முதல் 2003 வரையான காலத்தில் 100 க்கு 72 பேர். 2021 முதல் 2023 வரையான காலத்தில் அது 62 ஆகக் குறைந்தது. குடிப்பவர்களின் சத்தம் பெரிது. குடிக்காதவர்கள் சத்தமின்றி இருப்பதால்தான் அவர்களின் தொகை கண்ணுக்குப் படுவதில்லை.

அந்தப் பெயர் எதைச் சொல்லவில்லை?

சகோதரிகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். ‘போதையற்ற’ என்ற சொல் போதையை மட்டும்தான் பேசுகிறது. ஆணும் பெண்ணும் வெவ்வேறாக இருப்பார்கள் என்று அது சொல்லவில்லை. அறை ஒரு பாலாருக்கு உரியதாக இருந்தாலும், பல பல்கலைக்கழகங்களில் ஒரே மாடியில் இரு பாலாரும் இருப்பர். குளியலறை பொதுவாக இருக்கும் இடங்களும் உண்டு. பெண்களுக்கு மட்டுமான மாடி சில இடங்களில் கிடைக்கும். அதனைப் படிவத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒருங்கே கிடைக்காவிட்டால் எது முதலில் வேண்டும் என்பதையும் மகளோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஹலால் உணவும் அவ்வாறே. அது வேறு விடயம்.

அடுத்து, விடுதியில் சேர்பவர் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது வழக்கம். சில இடங்களில், விடுதிக்குள் எதையும் கொண்டுவரவோ பாவிக்கவோ மாட்டேன் என்பதோடு ஒப்பந்தம் முடிந்துவிடும். வெளியே குடித்துவிட்டு வந்து தன் கட்டிலில் உறங்குபவரை அது தடுக்காது. வேறு சில இடங்களில், போதையோடு திரும்பி வருவதும் குற்றம். மீறினால் வேறு விடுதிக்கு மாற்றிவிடுவார்கள். எந்த வகை என்பதை வாசித்தறியாமல் கையொப்பமிட வேண்டாம். பெற்றார் பிடிவாதமாகச் சேர்த்துவிட்டதால் அங்கே வந்த பிள்ளைகளும் உண்டு. ஒப்பந்தத்தை முதலில் மீறுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களாக இருந்தால் அதில் வியப்பில்லை.

இலங்கையிலிருந்து மாணவர் வீசாவில் செல்லும் பிள்ளை இன்னுமொன்றை அறிந்திருக்க வேண்டும். கஞ்சா, அமெரிக்காவின் பல மாநிலங்களில் 21 வயது நிறைந்தவர்களுக்குச் சட்டப்படி கிடைக்கிறது. மிட்டாய் வடிவத்திலும் விற்கப்படுகிறது. ஆனால் குடிவரவு விவகாரங்களைத் தீர்மானிப்பது மத்திய அரசின் சட்டம். மாநிலம் அனுமதித்ததே என்ற சமாதானம் வெளிநாட்டு மாணவருக்கு உதவாது. குடித்துவிட்டு வாகனமோட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே வீசாவை ரத்துச் செய்யும் அதிகாரம் அந்நாட்டு வெளிவிவகாரத் திணைக்களத்துக்கு உண்டு. உள்நாட்டு மாணவர் ஓர் எச்சரிக்கையோடு தப்பிவிடும் இடத்தில், நம் பிள்ளையின் படிப்பே முடிந்துபோகலாம்.

அப்படியானால் என்ன செய்வது?

முதல் வருடத்தில் இந்த விடுதியைத் தெரிவுசெய்வதே நல்லது என்பது எனது கருத்து. முதல் ஆறு வாரங்களே புதிய மாணவருக்கு மிகவும் ஆபத்தான காலம் என்று அமெரிக்க மது ஆய்வு நிறுவனம் கூறுகிறது. அந்த நாட்களில் பிள்ளைக்கு வீட்டு ஏக்கம் இருக்கும். யாராவது அழைத்தால் போதும் என்ற மனநிலை இருக்கும். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையும் நமது மார்க்கம் விலக்கியிருக்கிறது. சொந்த அறையே அந்த விரிப்பாக மாறிவிட்டால், பிள்ளை எழுந்து எங்கே போவது? வெளியே நூறு இடங்களில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிக் களைத்துத் திரும்பும் இடத்திலாவது அதைச் சொல்லத் தேவையில்லாதிருப்பது பெரிய ஆறுதல்.

எனினும் விடுதி ஒரு கூரை மட்டுமே. கூரை மழையைத் தடுக்கும்; வெளியே இறங்கி நடப்பவரோடு அது கூட வராது. வகுப்புச் சிநேகிதரின் பிறந்தநாள், வேறொரு விடுதியின் சனிக்கிழமை இரவு, இவையெல்லாம் அந்தக் கூரைக்கு வெளியேதான் இருக்கின்றன. அங்கே பிள்ளையைக் காப்பது அதன் சொந்த உறுதி. வேறொருவர் எடுத்துக் கொடுத்த முடிவு, அவர் கண்ணுக்கு மறைந்ததும் தளர்ந்துவிடும். தானே எடுத்த முடிவோ தன்னோடு கூடவே வரும்.

ஆகவே, அந்தக் கட்டத்தில் நீங்கள் அடையாளமிட வேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அறைத்தோழி நள்ளிரவில் போத்தலோடு வந்தால் என்ன செய்வாய்? வெள்ளிக்கிழமை மாலைகளை யாரோடு கழிப்பாய்? ஒருவர் அளவுக்கு மீறிக் குடித்து மயங்கிக் கிடந்தால் உதவிக்கு யாரை அழைப்பாய்? இந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மயங்கியவருக்காக உதவி கேட்டு அழைப்பவரைத் தண்டிப்பதில்லை என்ற விதி பல மாநிலங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. பயந்து ஒதுங்கினால் ஓர் உயிர் போகலாம் என்பதைப் பிள்ளை அறிந்திருக்கட்டும்.

பிள்ளை யோசித்துவிட்டு, “சாதாரண விடுதியே போதும் உம்மா, நான் கவனமாக இருப்பேன்” என்று சொன்னால், உடனே சந்தேகப்படாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள். ஒருவேளை தான் விரும்பும் பெண்கள் மாடி அங்கேதான் இருக்கலாம். தொழுகையறை அதற்குப் பக்கத்தில் இருக்கலாம். காரணம் சரியாயின் ஏற்றுக்கொள்ளுங்கள். தவணை தொடங்கிச் சில வாரங்களின் பின் அறை மாறக் கேட்பதற்குப் பெரும்பாலும் வழி உண்டு என்பதையும் சொல்லி வையுங்கள். “அங்கே சரிவரவில்லை உம்மா” என்று தயங்காமல் தொலைபேசியில் சொல்லக்கூடிய பிள்ளைக்கு எந்த விடுதியிலும் ஒரு வழி இருக்கும். தாய்க்குப் பயந்து எல்லாவற்றையும் மறைக்கும் பிள்ளைக்குப் போதையற்ற விடுதியும் பாதுகாப்பல்ல.

ஆதலால் படிவம் அனுப்பும் நாள் நெருங்கும்வரை காத்திராதீர்கள். இன்றே பேச்சைத் தொடங்குங்கள். பேனையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பிள்ளை அடையாளமிட்டதன் பின்னர், அந்த முடிவில் உறுதியாக நிற்கும் வலிமையை அல்லாஹ்விடம் கேட்டுப் பிரார்த்தியுங்கள்.