டின்னுக்குள் ஜீவசத்து

பினாங்கில் முன்னாளில் பிட் தெரு என்று பெயர் வழங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் சுற்றுப்புறத் தேநீர்க் கடைகளில், மூடியில் இரு துளையிட்டுக் கிளாசின் அடியில் கெட்டியாக வழியவிடும் டின் பால், தே தாரிக்குக்கு ருசி சேர்ப்பதில் இணையற்றது. ஆயினும் அதே டின் பால் ஒரு காலத்தில் மலாயாவில் சிசுக்களின் ஆகாரமாகவும் விற்கப்பட்டது என்பதை இன்று நினைப்பவர் அரியர். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 'பாலும் கொலையும்' என்ற பொருள்பட்ட தலைப்பிட்டுப் பேசி, இந்த வியாபாரத்தால் நேரும் சிசு மரணங்களைக் கொலையென்றே கொள்ளவேண்டும் என வாதித்தார். அது மிகையன்று. அந்த டின்னில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஆடை நீக்கிய பாலானால் கொழுப்போடு ஏ, டி ஜீவசத்துக்களும் போய்விட, குழந்தைக்கு மாலைக்கண் தொடங்கிக் கருவிழி வறண்டு, முடிவில் பார்வையே அழியக்கூடும்.

இன்றைய சிசுப் பால்மாவு அத்தகையதன்று. நூறு கலோரிக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் சி, 60 மைக்ரோகிராம் ஏ, 1 மைக்ரோகிராம் டி இருக்கவேண்டும் என்பது சர்வதேச உணவு விதி. ஆனால் ஜீவசத்துக்கள் நிலையான வஸ்துக்கள் அல்ல. சி பிராணவாயு பட்டுச் சிதையும். பி2 வெளிச்சத்திலும், பி1 கடும் உஷ்ணத்திலும், ஏ இவை பலவற்றிலும் குறையும். ஆகவேதான் ஆலையில் காற்றை அகற்றி நைட்ரஜன் நிரப்புவதோடு, காலாவதித் தேதியன்றும் அச்சிட்ட அளவு மிஞ்சும்படி சற்று அதிகமாகவே சேர்த்துவிடுகிறார்கள். அச்சையே நம்பிவிடவும் முடியாது: 2003-ல் இஸ்ரேலில் விற்ற ஒரு சோயா சிசு ஆகாரத்தில், மேலுறை கூறிய பி1 அநேகமாக இல்லாமலே போக, சில சிசுக்கள் மாண்டன, பல சிசுக்களுக்கு மூளை பாதிக்கப்பட்டது.

மாவைக் கரைக்க 70 பாகைக்குக் குறையாத வெந்நீர் வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இதனால் சி சிறிது குறைந்தாலும், கிருமி அழிவதே பெரிது. கலக்கிய பின் நன்கு ஆறவிட்டே புகட்டவேண்டும்.

தாய்ப்பாலே முதலாவது, அது இயலாதபோது வைத்தியர் சொல்லும் மாவை வாங்குகிறீர்களானால், பினாங்கின் வெப்பத்தில் அடுப்பருகே வைக்காமல், ஈரமற்ற கரண்டியால் எடுத்து, மூடியை உடனே இறுக்கி, திறந்த தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள், ஒரு மாதம் கடந்தபின் மிச்சத்தைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.