தீயணைப்போர் நலமும் நம் வீட்டுப் படிக்கட்டும்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே, அண்ணாசாமி முதலியார் சாலையில், கர்நாடக மாநிலத் தீயணைப்பு மற்றும் அவசரப் பணிகள் துறையின் தலைமையகம் அமைந்துள்ளது. நகரில் வாழும் தமிழர் பலர் அதைக் கடந்து சென்றிருப்பர். சிவப்பு வண்டி மணியொலித்து விரையும்போது நாம் வழிவிட்டு ஒதுங்குகிறோம். அது கண்ணுக்கு மறைந்ததும் மறந்தும் விடுகிறோம். அவ்வண்டியில் செல்வோர் எதனைச் சந்திக்கச் செல்கின்றனர், திரும்பும்போது உடலிலும் உள்ளத்திலும் எதனைச் சுமந்து வருகின்றனர் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். அவர்களுடைய நலத்தில் ஒரு பகுதி நம் கையில் இருக்கிறது என்பதும் இதனால் விளங்கும்.

புகை என்னும் முதற்பகை

தீ விபத்துகளில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சுடரன்று, புகையே. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையிலுள்ள கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பற்றியபோது, மின்கம்பிகள் செல்லும் குழாய்வழியில் எழுந்த புகை மேல்தளங்களை நிரப்பியது. மூச்சுத் திணறியவர்கள் கண்ணாடிகளை உடைத்தனர். சிலர் கீழே குதித்தனர். 9 பேர் உயிரிழந்தனர்.

இன்றைய வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள மெத்தை, நெகிழிப் பொருள், செயற்கை இழைத் திரைச்சீலை ஆகியன எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படுகின்றன. கூரையை ஒட்டித் திரளும் வெப்ப வாயு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸை எட்டினால், அறையிலுள்ள எல்லாப் பொருள்களும் ஏறக்குறைய ஒரே கணத்தில் தீப்பற்றிக்கொள்ளும். அதற்குள் உள்ளே சென்று வெளியே வந்துவிட வேண்டும் என்பதே வீரரின் நெருக்கடி. நீரைப் பீய்ச்சுவதிலும் கவனம் தேவை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அளவறியாது பீய்ச்சினால் அந்த நீராவியே வீரரைச் சுட்டுவிடும்.

முதுகில் சுமக்கும் காற்று

புகைக்குள் நுழைபவர் முகமூடியும் முதுகில் காற்று உருளையும் அணிந்து செல்கிறார். கவச உடை, காலணி, தலைக்கவசம், கருவிகள் அனைத்தும் சேர்ந்தால் எடை 20 கிலோவைத் தாண்டும். 45 நிமிடங்களுக்கு எனக் கணக்கிடப்பட்ட உருளை, படியேறி ஆளைத் தூக்கி வரும் கடும் உழைப்பில் அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். காற்று ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததும் எச்சரிக்கை விசில் ஒலிக்கும். ஆயினும், வெளியேறும் நேரத்தையும் கழித்துக்கொண்டுதான் எவ்வளவு தூரம் உள்ளே செல்லலாம் என்று அவர் முடிவு செய்ய வேண்டும். கையிருப்பை அறிந்து செலவு செய்வது வங்கியில் பணியாற்றும் எங்களுக்குப் பழக்கமானது. ஆனால் எங்கள் கணக்கில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். அவருக்கு அந்த வாய்ப்பில்லை.

நகரின் ஒரு கிளையில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், தீத்தடுப்புப் பயிற்சி அளிக்க வந்த அலுவலர் முதலில் பின்புறப் படிக்கட்டைப் பார்க்க விரும்பினார். அங்கே பழைய வவுச்சர் கட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. எங்களுள் ஒருவரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அப்படிகளில் ஏறிக் காட்டுமாறு மட்டும் கேட்டார். நான்காம் படியில் எங்கள் நண்பர் இடறி நின்றார். புகைக்குள் வரும் வீரருக்கும் கண் தெரியாது. சுவரையும் தரையையும் தடவித்தான் வருவார் என்று அலுவலர் விளக்கினார். நாங்கள் வைத்திருந்த ஒவ்வொரு கட்டும் அவருடைய காற்றில் சில மூச்சுகளைச் செலவழித்திருக்கும். அன்று மாலையே அப்படிக்கட்டை ஒழித்துவிட்டோம்.

அணைந்த பின்னும் தொடர்வது

தீ அணைந்ததும் கடமை முடிகிறது. உடலின் மீதான சுமை முடிவதில்லை. உறக்கத்திலிருந்து மணியொலி கேட்டு எழுந்தோடும்போது இதயத்துடிப்பு திடீரென உயர்கிறது. கனத்த உடைக்குள் வியர்வை ஆவியாக வழியின்றி உடல் வெப்பம் ஏறுகிறது. நீரிழப்பால் இதயத்தின் பளு கூடுகிறது. அமெரிக்காவில் பணியின்போது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இதய நோயால் இறந்தனர் என்று 2007-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது.

புற்றுநோய் அபாயமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2022-ஆம் ஆண்டு தீயணைப்புப் பணியையே புற்றுநோய் விளைவிக்கும் காரணிகளின் முதற்பிரிவில் சேர்த்தது. கழுத்திலும் மணிக்கட்டிலும் படியும் கரி, சூடேறிய தோலின் வழியே உள்ளே செல்கிறது. கரி படிந்த உடையை வீரத்தின் அடையாளமாகக் கருதிய காலமும் இருந்தது. இன்றோ, தீயிடத்திலேயே உடையை நீரால் அலசுவதும், நிலையம் திரும்பியதும் குளிப்பதும், அவ்வுடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதிருப்பதும் பாதுகாப்பு விதிகளாக வலியுறுத்தப்படுகின்றன.

மனத்தின் சுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. 1981 பிப்ரவரி 7 அன்று பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்தபோது 92 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். அத்தகைய இடத்தில் பணியாற்றியவர் வீடு திரும்பித் தம் குழந்தையைத் தூக்கும்போது என்ன உணர்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். உறக்கமின்மை, காரணமற்ற சினம், யாரிடமும் பேசாது ஒதுங்குதல் ஆகியன கோழைத்தனமல்ல. சிகிச்சையால் ஆறக்கூடிய காயங்கள். ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் குழுவினர் கூடிப் பேசுவதும், தேவைப்படுவோர் தயக்கமின்றி மனநல ஆலோசனை பெறுவதும், ஆண்டுதோறும் இதயம், நுரையீரல் பரிசோதனை செய்துகொள்வதும் உடற்பயிற்சியைப் போன்றே இன்றியமையாதவை.

பெங்களூரின் சவால்கள்

இந்நகரில் பணி ஒரே வகையானதன்று. சிக்பேட்டை, நகரத்பேட்டை போன்ற பகுதிகளில் கீழே கிடங்கும் மேலே வீடுமாக அமைந்த கட்டடங்கள் உண்டு. பெரிய வண்டி நுழைய இயலாத சந்துகளும் உண்டு. வெளிவட்டப் பகுதிகளில் வானளாவிய குடியிருப்புகள் எழுந்துள்ளன. அவற்றுக்கென 90 மீட்டர் உயர ஏணி வண்டி ஒன்று 2022-ஆம் ஆண்டு துறைக்குக் கிடைத்தது. ஆனால் கட்டடத்தைச் சுற்றிலும் கார்கள் நின்றால் அந்த வண்டி கால் ஊன்ற இடமிராது. 2023 அக்டோபர் 7 அன்று தமிழக எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு வெடித்ததில், தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் பலர் உட்பட 14 பேருக்கு மேல் இறந்தனர். அத்தகைய இடத்தை நெருங்கும் வீரருக்கு, உள்ளே எவ்வளவு வெடிபொருள் எஞ்சியிருக்கிறது என்பதை அறிய வழியில்லை.

நாம் செய்யத்தக்கவை

படிக்கட்டிலும் நடைவழியிலும் காலணி அலமாரி, மிதிவண்டி, அட்டைப் பெட்டி ஆகியவற்றை வைக்காதீர்கள். மொட்டைமாடிக் கதவு உள்ளிருந்து எளிதில் திறக்குமாறு இருக்கட்டும். மின்கம்பி செல்லும் குழாய்வழி அறையைப் பொருள் வைக்கும் அறையாக்காதீர்கள். குடியிருப்பின் முன் ஏணி வண்டிக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். கடையோ கிடங்கோ நடத்துபவர்கள், என்னென்ன சரக்கு எங்குள்ளது என்னும் பட்டியலை வாயிற்காவலரிடம் வைத்திருங்கள். தீப்பற்றினால் 101 அல்லது 112 எண்ணை அழைத்து, முகவரியோடு உள்ளே எத்தனை பேர் உள்ளனர், எந்தத் தளத்தில் உள்ளனர், எரிவாயு உருளைகள் எங்கே உள்ளன என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா, 5 கோடி ரூபாய் மதிப்பு வரையிலான சிறு நிறுவனத்துக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா போன்ற காப்பீடுகள் உள்ளன. அவற்றை எடுத்துக்கொள்ளுமாறு நாங்கள் பரிந்துரைப்பது வழக்கம், இப்போதும் பரிந்துரைக்கிறோம். ஆனால் காப்பீடு சரக்குக்கு ஈடு தரும். நமக்காக உள்ளே சென்றவரின் நுரையீரலுக்கு ஈடு தராது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிர்நீத்தனர். அந்நாளே ஆண்டுதோறும் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுகிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் நாள் அது. வாசலைப் பெருக்கிக் கோலமிடும் அவ்வேளையில், பின்புறப் படிக்கட்டையும் ஒருமுறை பெருக்கிப் பொருள்களை அகற்றி வைப்போம். அவ்வழியே என்றேனும் ஒருவர் கண் தெரியாமல், எண்ணப்பட்ட மூச்சுகளோடு நம்மைத் தேடி வர நேரிடலாம்.